ஆஸ்பத்திரிக் குளியல்

இராக்கம்மாவின் வீட்டிலிருந்து ஒருவர்கூட அழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. தங்கள் பரம்பரையில் யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை என்பது போன்ற பெருமையோடு இதைச் சொல்வாள். காய்ச்சலில் அனத்துகிறவனானாலும் சரி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் விரலை அறுத்துக்கொண்டவனானாலும் சரி, முதலில் தகரப் பீப்பாயில் வெந்நீர் கொதிக்க வேண்டும். அதில் டெட்டோல் ஊற்ற வேண்டும். தோல் சிவக்கும்வரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் பவுடர், தலைக்கு எண்ணெய், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த உடுப்பு. நோய் அதுவரைக்கும் ஒரு மூலையில் காத்திருக்கும்.

தெமோதரைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தில் அவர்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் குளியல் என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. தொடங்கி வைத்தவள் இராக்கம்மாதான். இளம் வயதில் ஒருநாள் மலையிலிருந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனாளாம். நர்ஸ் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே வராந்தாவில் போய் நில் என்று விரட்டினாளாம். அன்றைக்கு இராக்கம்மா கோபத்தைக் கற்றுக்கொண்டிருக்கலாம். அவள் சோப்பைக் கற்றுக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த மதுஷாவுக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. ஏ.எல். வரை படித்தவள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். கடையில் சீனி சுற்றித் தரும் பழைய பத்திரிகையைக்கூட விரித்து நீவி, கிழிந்த இடம்வரை வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். இந்தக் குளியலையும் மாமியார் வீட்டு விசித்திரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்து, வெளியே பேசாமல் இருந்தாள். புருஷன் நிஷாந்த் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றான். பண்டிகைக்கு வருவான். வந்தால் அம்மாவின் சமையலைப் புகழ்ந்துவிட்டுப் போவான்.

வீட்டில் இருந்த ஆம்பிளை, மூத்த மகன் தயாபரன். தோட்டக் கமிட்டித் தலைவர். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் மலையகத்தையே ஒரு கையால் தூக்கி நிறுத்துவார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதை யாரும் பார்த்ததில்லை. சொந்தமாக ஒரு ஆட்டோ வைத்திருந்தார். அதற்குச் சிவப்பு ரெக்ஸினில் புது சீட்டுத் தைத்துப் போட்ட நாளிலிருந்து, மனிதர்கள் அதில் ஏறுவதே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

மதுஷாவுக்கு ஏழாம் மாதம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு மலையூற்றுப் பீலியில் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். குனிந்தபோது தொடை வழியே வெதுவெதுப்பாக எதுவோ இறங்கியது. வலியில்லை. நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. பாவாடையைத் தொட்டு முகர்ந்தாள். மூத்திர வாடை இல்லை.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் எல்லாருக்கும் சொல்லியிருந்ததுதான். “தண்ணி மாதிரிப் போனா பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க. சுத்தமான துணி ஒண்ண வச்சுக்கிட்டு, கழுவாம, குளிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நனைஞ்ச துணியையும் கொண்டாங்க. உள்ளயிருந்து பஞ்சுல தொட்டுப் பாத்தா அது பனிக்குடத்துத் தண்ணியா, வேற என்னவான்னு தெரிஞ்சிரும்.” வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதுஷா சிரிக்கவில்லை.

அதன்படியே செய்தாள். நனைந்த பாவாடையை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினாள். மடித்த துணி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“மாமி, தண்ணி போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“என்னா தண்ணி?”

“புள்ளையச் சுத்தி இருக்குமே, அந்தத் தண்ணி.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“வலியில்லாம எங்கடி தண்ணி போகும்? குடத்தத் தூக்குனப்ப ஒண்ணுக்குப் போயிருப்ப.” இராக்கம்மா மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, எதுக்கும் காட்டிட்டு வந்துருவோம். இரு, தண்ணி போடுறேன்.”

“குளிக்கக் கூடாது மாமி. கழுவாம வரச் சொல்லியிருக்காங்க. கழுவினா டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியாதாம்.”

துணியில்லாமல் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் இராக்கம்மா அப்படித் திகைத்திருக்க மாட்டாள்.

“இந்தக் கோலத்துலயா? ஊறிப்போயி, நாறிக்கிட்டு? லயத்துப் பொம்பளைன்னாலே மூக்கப் புடிக்கிறானுங்க. நீ போயி அவனுங்க வாய்க்கு மெல்ல அவல் குடுக்கப் போறியா?”

“நாறல மாமி.”

“ஒனக்கு நாறாது. அவங்களுக்கு நாறும்.”

வெளியே தயாபரன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி பொண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

“அம்மா, குளிக்கச் சொல்லுங்க. சீட்டு புதுசு. ரெக்ஸின்ல கறை புடிச்சா போகாது.”

மதுஷா நிஷாந்துக்குப் போன் எடுத்தாள். பின்னால் யாரோ சாரியின் நிறம் கேட்கிற சத்தம் கேட்டது.

“அம்மா சொல்றதக் கேளேன் மது. அவங்க நாலு பெத்தவங்க. ஒரு குளியலுக்கா இவ்வளவு சண்ட? வை, கஸ்டமர் நிக்கிறாங்க.”

பஸ் மதியத்துக்குப் பிறகுதான். ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து இறங்கலாம். ஆனால் அந்த இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் பிள்ளை நழுவி விழுந்துவிடுமோ என்று கால் கூசியது. ஆட்டோ வேண்டுமென்றால் குளியல். மூன்று பேரும் சேர்ந்து கதவுகளை அப்படித்தான் சாத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள்மேல் விரோதம் இல்லை என்பதுதான் அதில் கேவலமானது. விரோதிகளாக இருந்திருந்தால் கொஞ்சமாவது யோசித்துச் செய்திருப்பார்கள்.

இராக்கம்மா தன் கையாலேயே ஊற்றினாள். அன்றைக்கு டெட்டோல் தாராளம். தண்ணீர் பாலாக வெளுத்திருந்தது.

“உள்ளயும் நல்லாக் கழுவு. அவனுங்க கையுறை போட்டுக்கிட்டு அங்கதான் பாப்பானுங்க. வெக்கப்படாத, நானும் பொம்பளதான்.”

எரிந்தது. குளித்து முடித்து வந்து பார்த்தால் பொலித்தீன் பை காலியாகக் கிடந்தது. பாவாடை வாளியில், சோப்பு நுரையில்.

“மாமி, அதக் காட்டணும்னு சொன்னேனே!”

“தீட்டுத் துணியப் பையில கட்டித் தூக்கிட்டுப் போற குடும்பமா இது? பவுடர் போடு, வா.”

கிட்டத்தில் இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இளம் டாக்டர். மரியாதையானவர், கேள்வி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்கிற பழக்கம் மட்டும் இன்னும் வந்திருக்கவில்லை. தமிழ் தெரியாது. மதுஷாவுக்குச் சந்தையில் லீக்ஸ் வாங்கவும் பஸ்ஸை நிறுத்தி இறங்கவும் போதுமான சிங்களம் தெரியும். உடம்பின் இந்தப் பகுதிக்கும் இந்தப் பயத்துக்கும் அவளிடம் சிங்களத்தில் சொல் இல்லை. ஆகவே மொழிபெயர்க்கத் தயாபரன் வந்தார். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். கட்டிலருகே இராக்கம்மா, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பரிசளிப்பில் முன்வரிசையில் இருப்பவளைப்போல நின்றாள்.

டாக்டர் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்தார். அந்த மாதம்தான் வந்திருக்க வேண்டும், அதற்குள்ளிருந்த விளக்கக் குறிப்பைப் பிரித்து வாசித்துக்கொண்டே செய்தார். நீளமான பஞ்சுக் குச்சி. அதை உள்ளே வைத்து எடுத்து, சின்னக் குப்பியிலிருந்த தண்ணீரில் கலக்கி, ஒரு பட்டைத் தாளை அதில் நிறுத்தி வைப்பது. இரண்டு கோடு வந்தால் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிகிறது. ஒன்று வந்தால் இல்லை. அறை முழுக்க டெட்டோல் வாடை. ஆஸ்பத்திரியில் டெட்டோல் வாடை அடிப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

வாசித்துக்கொண்டிருந்த குறிப்பில் எங்கோ விரல் வைத்து டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். திரைக்குப் பின்னால் தயாபரன் தொண்டையைச் செருமினார்.

“வந்து... உள்ளுக்கு ஏதும் மருந்து போட்டதா, கழுவினதான்னு கேக்குறாரு.”

“ஆமா மச்சான். டெட்டோல் போட்டுக் கழுவினேன். உள்ளுக்கும் கழுவினேன். இப்ப வர்றதுக்கு முந்தி. அதச் சொல்லுங்க.”

திரை அசையவில்லை.

“சொல்லுங்க மச்சான்.”

மேடையில் நாக்கு ஒருபோதும் ஒட்டிக்கொள்ளாத மனிதர். தம்பி பொண்டாட்டி உள்ளுக்குக் கழுவினாள் என்று இன்னொரு ஆம்பிளையிடம் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் அவரிடம் பேச்சு இல்லை. ஆனால் பேசாமலும் இருக்க முடியாதே, தலைவர் அல்லவா? சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். டாக்டர் சிரித்தார். ‘பயம்’ என்பதும் ‘முதல் பிள்ளை’ என்பதும் மதுஷாவுக்குப் புரிந்தன. கழுவியது எங்கேயும் வரவில்லை.

“அத நீங்க சொல்லல,” என்றாள் அவள்.

“எல்லாம் சொல்லியாச்சு,” என்றது திரை.

பட்டைத் தாளில் ஒரு கோடு வந்தது. டாக்டர் அதை அவளுக்கும் காட்டினார். மதுஷா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தண்ணீர் போனது, நிறையப் போனது என்றாள். டாக்டர் மறுபடியும் தாளைக் காட்டினார். விரும்பினால் ஒருநாள் தங்கலாம் என்றாராம். தேவையில்லை என்று தயாபரனே பதில் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னேரம் கூட்டம்.

திரும்பி வரும்போது இராக்கம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தியாடி, எவனாச்சும் மூக்கப் புடிச்சானா? அந்த நர்ஸ் புள்ள ஒன் தோளத் தொட்டுப் பேசுச்சு. அதுக்குத்தான் சொல்றது.”

அன்றிலிருந்து அந்தத் தாள் வீட்டில் சாமி படத்துக்குச் சமமாயிற்று. மறுநாள் துணி மறுபடியும் நனைந்தது. “தாளே இல்லன்னுருச்சு” என்றாள் இராக்கம்மா. அடிவயிறு கனத்தது. “தாளவிட ஒனக்குத் தெரியுமா?” போனில் நிஷாந்தும் கேட்டான்: “டெஸ்ட் எடுத்தாச்சு தானே? அப்புறம் என்ன?” பத்திரிகைத் துண்டைக்கூட வாசிக்காத வீட்டில் ஒரு பட்டைத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததை மதுஷா படுத்துக்கொண்டே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ‘ஒண்ணுக்கு’ என்று இராக்கம்மா அவளைக் கழுவ அனுப்பினாள். அவளும் போனாள். கிணற்றுக்குள் விழுந்தவளிடம் தலைமுடி கலைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களோடு என்ன வாதாடுவது?

சனிக்கிழமை காலை உடம்பு தூக்கிப் போட்டது. போர்வைக்குமேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. துணியில் இப்போது உண்மையிலேயே வாடை இருந்தது. பிள்ளை வழக்கமாக உதைக்கும் நேரத்தில் ஒரே ஒரு தடவை, சோம்பலாகப் புரண்டது. தயாபரன் வீட்டில் இல்லை. பண்டாரவளையில் கூட்டம். தோட்டப் பெண்களின் உரிமைகளைப் பற்றி அவர் பேசுவதாக நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அது லயத்துச் சுவரிலும் ஒட்டியிருந்தது.

இராக்கம்மா வந்து குனிந்தாள். மூக்கைச் சுளித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் விறகை முறிக்கிற சத்தம் கேட்டது.

மதுஷா எழுந்தாள். நனைந்த துணியை மாற்றவில்லை. சுவரைப் பிடித்து, வாசலைப் பிடித்து, அப்படியே நடந்தாள்.

“எங்கடி போற? தண்ணி இன்னும் சுடல!”

“எனக்கு வேணாம்.”

“இப்பிடியே போனா ஊரு சிரிக்கும்டி!”

“சிரிக்கட்டும். நல்லா சிரிக்கட்டும்.”

பாதையில் ஸனூஸின் வேன் நின்றது. பதுளைக் கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்கிறவர். சனிக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகச் சீத்தைத் துணியும் சாரமும் கொண்டு வருவார். பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“நானா, பதுளைக்குத் தானே போறீங்க?”

அவர் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி இது! ஏறுங்க, ஏறுங்க.”

“நா நனைஞ்சிருக்கேன் நானா. வாடையும் அடிக்குது. வேன் அழுக்காயிரும்.”

“அல்லாவே, வேனத் தானே? அதக் கழுவ ஏலும்.” சீத்தைத் துணிக் கட்டொன்றை இழுத்துப் போட்டு அவள் சாய இடம் பண்ணினார். “தனியவா வந்தீங்க? வூட்டுல ஆக்கள் இல்லயா?”

“இருக்காங்க. தண்ணி சுட வைக்கிறாங்க.”

அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நிற்கவும் இல்லை. வேன் திரும்பும்போது கண்ணாடியில் இராக்கம்மா வாளியோடு படியில் நிற்பது தெரிந்தது.

பதுளையில் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் மதுஷா கவலைப்பட்டிருக்க மாட்டாள். அதே மாதிரிப் பஞ்சுக் குச்சி, அதே மாதிரித் தாள். குப்பியில் நிறுத்திய உடனேயே இரண்டு கோடும் எழும்பின.

“எப்ப தண்ணி போனது?”

சொன்னாள்.

“இவ்வளவு நாள்! ஒரு இடத்திலயும் காட்டல்லயா?”

“காட்டினேன் டாக்டர். இதே டெஸ்ட்தான். ஒரு கோடு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அதுக்கு முதல் கழுவினதா?”

“டெட்டோல் போட்டுக் கழுவ வச்சாங்க.”

“அத அங்க சொன்னீங்களா?”

“திரைக்கு இந்தப் பக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் போகல.”

டாக்டர் பேனாவை வைத்தார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார். கிருமி உள்ளே போயிருக்கிறது, இனிப் பிள்ளையை உள்ளே வைத்திருக்க முடியாது என்றார்.

பெண் பிள்ளை. ஒரு கையில் அடங்கிவிடும் போல இருந்தது. அழவில்லை, முனகியது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு படுத்திருந்ததைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். துளை வழியே கையை விட்டு ஒரு பாதத்தைத் தொட்டாள். பாதம் சுருங்கி விரிந்தது. அன்று சாயங்காலம் வரை இருந்தது பிள்ளை.

வயதான நர்ஸ் ஒருவர் அவள் கட்டிலருகே வந்து மெதுவாகக் கேட்டார்: “பிள்ளையக் குளிப்பாட்டி, துடைச்சுத் தரவா அம்மா?”

“வேணாம் மிஸ்,” என்றாள் மதுஷா. “அப்பிடியே தாங்க.”

அப்படியே தந்தார்கள். பிறந்த ஈரமும் வெள்ளை மாவுமாக, அவளுடைய வாடையோடு.

அவளைக் கூட்டிப் போகத் தயாபரன் வந்தார். கொழும்பிலிருந்து நிஷாந்தும் வந்திருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், அழுது முகம் வீங்கியிருந்தது. கடைசியில் அழுவதற்கு மட்டும் அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது. அவன் ஏறி ஓரமாக உட்கார்ந்தான்; ஆட்டோவின் பின்சீட்டில் அவளுக்கு விட்ட இடத்தில் பொலித்தீன் தாள் விரித்திருந்தது.

மதுஷா அதைப் பார்த்தாள். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மடிக்காமல் சுருட்டி நிஷாந்தின் மடியில் வைத்தாள். அப்புறம் சிவப்பு ரெக்ஸினில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். துணி நனைந்திருந்தது. குடிக்க ஆளில்லாத பால் சட்டையை நனைத்து வயிறுவரை இறங்கியிருந்தது. தயாபரன் முன்கண்ணாடியில் ஒருதடவை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் பாதி வழியில் பேசாமலிருக்க முடியவில்லை அவரால்.

“எல்லாம் விதி. டாக்டர்மார்களே டெஸ்ட்ட எடுத்துட்டு இல்லன்னு சொன்னா நாங்க என்னா செய்ய? இத விடக் கூடாது. அடுத்த கமிட்டியில பேசி, மகஜர் ஒண்ணு குடுக்கணும்.”

“குடுங்க,” என்றாள் மதுஷா.

நிஷாந்த் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பொலித்தீன் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

லயத்து வாசலில் பீப்பாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையில் கை வைத்து நின்றார்கள். இராக்கம்மா டெட்டோல் போத்தலோடு நின்றாள். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையில் பொய் இல்லை என்பது மதுஷாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு எதுவும் இளகவில்லை.

“வா ஆத்தா... என் ராசாத்தி... உள்ள காலெடுத்து வைக்காத. சாவுத் தீட்டும் புள்ளத் தீட்டும் சேந்து கெடக்கு. முதல்ல ரெண்டு வாளி ஊத்திக்க.”

மதுஷா கையை நீட்டினாள். இராக்கம்மா போத்தலைக் கொடுத்தாள். இந்த வீட்டில் கேட்டதும் கிடைத்த முதல் பொருள் அதுதான். அவள் திரும்பி ஆட்டோவுக்கு வந்து, இறங்கப் போன தயாபரனின் முன்னால் நீட்டினாள். கண்ணாடி வழியாக அல்ல, நேராக முகத்தைப் பார்த்து.

“இந்தாங்க மச்சான். சீட்டக் கழுவிக்கங்க. உள்ளுக்கும் நல்லாக் கழுவுங்க.”

அவர் போத்தலை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

“யாராச்சும் கேட்டா கழுவவேயில்லன்னு சொல்லிருங்க. ஒங்களுக்குத்தான் நல்லா வருமே.”

மதுஷா பீப்பாயைத் தாண்டி, இராக்கம்மாவைத் தாண்டி, ரத்தமும் பாலும் பாதைத் தூசியுமாக வீட்டுக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். வெளியே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.